ஆணா பெண்ணா என்று சொல்லாத சொல்

நேற்றுப் பின்னேரம் பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவில், கைப்பை விற்கும் கடையொன்றின் வாசலைத் தாண்டும்போது, எனக்குப் பின்னால் ஒரு பெண் "கெல்தி மி?" என்று கேட்டாள். மரக்கறிப் பைகளோடு அப்படியே நின்று திரும்பிப் பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கிய துருக்கிக் குடும்பம் போலும். வெயில் தொப்பி போட்ட தாய், பக்கத்தில் ஐஸ்கிரீம் வடிய வடிய நிற்கும் மகள். எதிர்க் கடைக்குள் போன தகப்பன் வந்துவிட்டாரா என்றுதான் மகளிடம் கேட்டிருக்கிறாள். அவர் வந்தார். மூவரும் துறைமுகப் பக்கமாக நடந்து போய்விட்டார்கள். இரண்டு கையிலும் பை இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல், போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, நான் அந்த நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து கிழமையும் உங்கள் வாயிலிருந்து ஓயாமல் வந்த கேள்வி அது.

மொண்டெல்லோவில் கடற்கரை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது விழுந்தீர்கள். பாரிசவாதம் என்றார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் தாதி ஓடி வந்து, "சிஞ்ஞோரா, உங்கள் கணவர் கதைக்கிறார்" என்றாள். நானும் துளசியும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போனோம். நீங்கள் என்னைப் பார்த்து மெல்ல, நிதானமாக, ஒரு நீளமான வசனம் சொன்னீர்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"அம்மா, அப்பா என்ன கதைக்கிறார்? இது தமிழ் இல்லை, இத்தாலியானோவும் இல்லை" என்றாள் துளசி.

உங்கள் மொழியில் என்ன சொல்கிறார் என்று தாதி சிரித்தபடி என்னைக் கேட்டாள். எங்கள் மொழி இல்லை என்று சொல்லாமல் தலையை ஆட்டிவைத்தேன். பிறகு நீங்கள் "சாய்" என்றீர்கள். தேத்தண்ணி கேட்கிறீர்கள் என்று அப்போதுதான் பிடிபட்டது. துருக்கியில் இருந்த காலத்துப் பேச்சு.

சில பேருக்கு இப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். தெரிந்த மொழிகளில் ஒன்று மட்டும் தப்பிவிடும், அது தாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மற்றவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தமிழில் கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் திரும்புவீர்கள். ஆனால் சொல் உள்ளே போகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக நான் உங்களைக் கூப்பிட்ட "இஞ்சேருங்கோ"வும் போகவில்லை.

துருக்கியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஏன் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கொழும்பில் இருந்து நீங்களும் என் தம்பி ரூபனும் ஒன்றாகப் புறப்பட்டீர்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா அவனுடைய கையைப் பிடித்து உங்கள் கையில் வைத்தா. நான் கைக்குழந்தையோடு வன்னியில் நின்றுவிட்டேன். ஈரான் எல்லையைக் கடந்து இஸ்தான்புல்லுக்குப் போய்ச் சேர்ந்தது நீங்கள் மட்டும். அங்கே நாலு வருடம் இருந்தீர்கள். உங்களோடு வெளிக்கிட்டவர்கள் ஆறு மாதத்தில் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டார்கள். நான் முகாமில் முள்ளுக் கம்பிக்குள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, நீங்கள் இஸ்தான்புல்லில் ஒரு தையல் பட்டறையில் இருந்தீர்கள். ஏன் அவ்வளவு காலம் என்று பிறகு கேட்டதற்கு, "அங்கை வேலை இருந்தது" என்றீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை.

பலெர்மோவுக்கு நான் வந்த முதல் கிழமை, கடலைக் காட்ட எங்களை மொண்டெல்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். துளசி மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

"ரூபனை ஏன் தனிய விட்டனீங்கள்?"

"எல்லையில எங்களை இரண்டு வான் வண்டியில ஏத்தினவங்கள். அவன்ர வான் வரேல்லை."

"உங்களோட ஏத்தியிருக்கலாம்தானே?"

நீங்கள் எழும்பிப் போய், காற்சட்டையை மடிக்காமலே முழங்கால் தண்ணீரில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தால், "நீர் யோசியாதையும்" என்று மட்டும் சொல்வீர்கள். என்னத்தை யோசியாதே என்று சொன்னதேயில்லை.

இந்தக் கனத்தோடுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பேச்சு வந்த இரண்டாம் நாள், கதவுப் பக்கம் பார்த்து, "ஓ கெல்தி மி?" என்று கேட்கத் தொடங்கினீர்கள். கதவு திறக்கிற நேரமெல்லாம் அதே கேள்வி. அந்தச் சத்தத்தை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு துருக்கிப் பிள்ளை இருந்தாள், உங்களுக்கும் தெரியும், பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவள் காயப் போடுகிற உடுப்பெல்லாம் காற்றுக்கு எங்கள் பால்கனியில்தான் விழும். எலிஃப். அவளைப் படியில் மறித்துக் கேட்டேன். கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஆங்கிலம்தான்.

"வந்தாச்சா என்று கேட்கிறார்" என்றாள் எலிஃப்.

"ஆர்? ஆணா, பெண்ணா?"

"அது தெரியாது. எங்கள் மொழியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் 'ஓ' ஒன்றுதான்."

ஆங்கிலத்தில் என்றால் அவன் என்றோ அவள் என்றோ சொல்லாமல் தப்ப முடியாது. தமிழில் வினைமுற்றின் வாலே காட்டிக் கொடுத்துவிடும். வந்தானா, வந்தாளா? நீங்கள் யாரையோ எதிர்பார்த்துக் கிடக்கிறீர்கள், அது ஆணா பெண்ணா என்று மறைத்து வைக்கிற ஒரு மொழியில். நாலு வருடம். வேலை இருந்தது என்றீர்கள். எனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தான் வந்து உங்களோடு கதைக்கட்டுமா என்று எலிஃப் கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்னொருத்தியின் பெயரை நீங்கள் சொல்லி, அதை அந்தச் சின்னப் பிள்ளை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவதை என்னால் தாங்க முடியாது. நானே படிக்கிறேன் என்றேன். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதிய துருக்கிப் பாடப் புத்தகம் ஒன்றை அவள் கொண்டு வந்து தந்தாள்.

காலையில் லிபெர்த்தாத் தெருவில் நான் பராமரிக்கிற கிழவி சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பஸ்ஸில் புத்தகத்தை விரிப்பேன். பிறகு உங்கள் கட்டிலடியில். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரர் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே போவார். பயப்படாதீர்கள், துருக்கியில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில்தான் வரும் என்பார். வேறு எங்கே வரும் என்று நான் யோசிப்பேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நிற்கிற அந்தக் குட்டிச் சொல், கிளிநொச்சியில் என் பிள்ளைகளை அழ வைத்த 'த', துருக்கியில் கிடையாது. எங்களுக்கும் கிடையாது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வசனத்தையே புரட்டிப் போட வேண்டும். துருக்கியில் கடைசியில் ஒரு 'மி' போட்டால் போதும், நாங்கள் 'ஆ' போடுவது போல. புள்ளி இல்லாத ஒரு 'ஐ' எழுத்து இருக்கிறது, ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாயில் அது நுழையவே நுழையாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். 'காது' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அரை உகரம்தான் அது. எலிஃபுக்குச் சொல்லிக் காட்டினேன். முதல் தரமே சரி என்று அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள்.

ஐந்தாம் பாடத்தில், சொல்லுக்குப் பின்னால் சொல்லாக ஒட்டிக்கொண்டே போவதை அவர் ஒரு அதிசயமாகக் காட்டியிருந்தார். எவ்லெரிமிஸ்தென். எவ் என்றால் வீடு. லெர் என்றால் கள். இமிஸ் என்றால் எங்கள். தென் என்றால் இருந்து. எங்கள் வீடுகளிலிருந்து. ஆங்கிலத்துக்கு மூன்று சொல் வேண்டியதை ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்களாம். எங்கட 'வராதவையளிட்டையிருந்து' எண்டதைக் கேட்டால் இந்த மனிசன் மயங்கி விழுவார் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் என் சிரிப்பைப் பார்த்து லேசாகச் சிரித்தீர்கள். ஒன்றும் விளங்காமல், மரியாதைக்காக.

அந்த மரியாதை என்ன என்பது அடுத்த பாடத்தில் விளங்கியது. துருக்கியில் 'சென்' என்றால் நீ. 'சிஸ்' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் கவனமாக இருக்க வேண்டும், தெரியாதவர்களோடு 'சிஸ்' என்றுதான் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் முந்தின நாட்களை நினைத்துப் பார்த்தேன். தலையணையைச் சரி செய்தபோதும், தண்ணீர் பருக்கியபோதும், நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் 'சிஸ்'. எனக்குத் தமிழில் எப்போதும் நெருக்கமாக 'நீர்' என்று சொன்ன வாய். யாரோ ஒரு நல்ல தாதி என்று என்னை நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். புத்தகத்தை மூடிவிட்டுக் கக்கூசுக்குள் போய் நின்று அழுதேன்.

ஐந்தாம் கிழமை துணிந்துவிட்டேன். நீங்கள் கதவைப் பார்த்து, "ஓ கெல்தி மி?" என்று கேட்டதும், "ஓ கிம்?" என்று திருப்பிக் கேட்டேன். 'ஓ' என்றது யாரை?

உங்களுக்கு என் துருக்கி விளங்கியது. என்னை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு, "சொஜுக்" என்றீர்கள்.

அகராதியைப் புரட்டினேன். பிள்ளை.

அங்கே ஒரு பிள்ளை. அதுவும் ஆணா பெண்ணா என்று சொல்லாத சொல். உங்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து, படியிறங்கி, பஸ் எடுத்து, எலிஃபின் கதவைத் தட்டினேன். "வா, வந்து கேள். என்னவெண்டாலும் பரவாயில்லை, எனக்கு ஒளியாமல் சொல்லு" என்றேன்.

எலிஃப் உங்கள் கட்டிலில் இருந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம் கதைத்தாள். நீங்கள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தீர்கள். நான் கால்மாட்டில் நின்றேன். "இகின்ஜி அரபா" என்றீர்கள், இரண்டாவது வண்டி. அது எனக்கே விளங்கியது. "தோர்த் செனே", நாலு வருடம். பிறகு, "கருமுன் கர்தெஷி" என்றீர்கள். அந்த இடத்தில் எலிஃப் பேச்சை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மனைவியின் உடன்பிறப்பு என்கிறார். தம்பியா தங்கையா என்று எங்கள் சொல்லில் தெரியாது. உங்களுக்கு யாராவது..."

"தம்பி" என்றேன்.

மிச்சத்தை அவள் அழுதழுது சொன்னாள். மலைப்பாதையில் முதல் வானில் ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. நீங்கள் ரூபனைத்தான் அதில் ஏற்றினீர்கள். உங்களுக்குக் காய்ச்சல், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றீர்கள் என்று அவன் இறங்கி, உங்களைத் தள்ளி ஏற்றிவிட்டு, நான் அடுத்ததில் வாறன் என்றிருக்கிறான். சேர்ந்த பிறகு சந்திப்பதாக, எல்லை கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் சொன்ன இடம் இஸ்தான்புல்லில் ஒரு தேத்தண்ணிக் கடை. நீங்கள் அதற்குப் பக்கத்துத் தெருவில் வேலை தேடிக்கொண்டீர்கள். பட்டறை விட்டதும் ஒவ்வொரு நாளும் போய், கடைக்காரரிடம், "ஓ கெல்தி மி?" நாலு வருடம். மற்றவர்கள் புறப்பட்டபோது உங்களையும் கூப்பிட்டார்கள். பிள்ளை வந்து பார்த்தால் யார் இருப்பது என்று மறுத்துவிட்டீர்கள். கடைசியில் அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இத்தாலிக்கு வந்தீர்கள்.

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? காய்ச்சலுக்காக அவன் இறங்கினான் என்று சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்றா? அல்லது நான் கேட்ட விதத்திலேயே தீர்ப்பும் இருந்ததென்றா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நான் பதில் தேடிக் கேட்கவில்லை. உங்களுக்கும் அது தெரிந்திருந்தது.

அன்றைக்குப் படியில் இறங்கும்போது எலிஃபிடம் கேட்டேன், வந்துவிட்டான் என்று உங்களுக்குச் சொல்லவா என்று. துருக்கியில் வந்தான் என்பதற்கு இரண்டு விதம் இருக்கிறது என்றாள். 'கெல்தி' என்றால் வந்தான், சொல்லுகிறவர் கண்ணால் கண்டது. 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம், யாரோ சொல்லக் கேட்டது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு முடிவு இல்லை, அதனால் விளக்குவது கஷ்டம் என்றாள்.

எனக்கு விளக்கத் தேவையில்லை. அந்த 'ஆம்' இல்லாமல் எங்கள் வீட்டில் ரூபனைப் பற்றி ஒரு வசனமும் கிடையாது. ஈரானில் சிறையில் கண்டவையாம். கிரேக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறானாம். அம்மா ஒவ்வொரு 'ஆம்'முக்கும் ஒரு கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. அந்த 'ஆம்'மிலேயே செத்தும் போனா.

அடுத்த நாள் போனபோது வெயில் உங்கள் கட்டில் வரை வந்திருந்தது. கதவைத் திறந்ததும் கேட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்து, உங்கள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, "கெல்தி" என்றேன். கண்ணால் கண்டவள் சொல்லுகிற சொல்லால்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். பிறகு, "ஆச் மு?" என்றீர்கள். பசியோடு இருக்கிறானா?

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே இருந்தான், ஏன் பிந்தினான் என்று கேட்பீர்கள் என்று எலிஃபோடு இருந்து பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது பசியை. "யெதி" என்றேன். சாப்பிட்டான். அதற்கும் கண்டவள் சொல்லுகிற முடிவுதான்.

உங்கள் தோள் தளர்ந்து தலையணையில் சரிந்ததைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "சென் தெ யெ" என்றீர்கள். 'தெ' என்பது எங்கள் 'உம்'. நீயும் சாப்பிடு. ஐந்து கிழமையில் முதல் தடவையாக 'சென்'. என்னை அடையாளம் கண்டுதான் சொன்னீர்களா, களைப்பில் சொன்னீர்களா, எனக்குத் தெரியாது. எலிஃபும் சொல்ல முடியாது என்றாள்.

நீங்கள் நித்திரையான பிறகு நடைக்கூடத்து நாற்காலியில் இருந்து அழுதேன், தம்பிக்காக. வந்துவிட்டான் என்று என் வாயாலேயே சொன்ன அன்றைக்குத்தான், அவன் இனி வரமாட்டான் என்று எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வசனத்தைத் தயார் செய்தேன். அதுவரை படிக்காத பாடம் அதற்குத் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் ஒருவர் ஒன்றை வைத்திருப்பதைச் சொல்ல ஒரு தனி வினைச்சொல் உண்டு. துருக்கியில் அது கிடையாது. உண்டு, இல்லை என்ற இரண்டு சொல்தான், எங்களைப் போல. இல்லை என்பதற்கு 'யோக்'. அதை வைத்து எலிஃப் எழுதித் தந்தாள்: செனின் சுச்சுன் யோக். உங்களில் பிழை இல்லை. சுச் என்ற சொல்லில் உகரம் இருப்பதால் அதற்குப் பின்னால் ஒட்டுவதும் உகரமாக வளைய வேண்டும், 'சுச்சின்' என்று சொல்லக்கூடாது என்று திருத்தித் திருத்திச் சொல்லித் தந்தாள். என் நாக்கு பிசகிக்கொண்டே இருந்தது. நாளைக்குச் சரியாகச் சொல்லலாம் என்று படுத்தேன்.

காலையில் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் துளசி நின்றாள். அவள் என்னைக் கண்டதும் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விடியப் பாரிசவாதம் இரண்டாவது தடவை வந்ததாம். ஐந்து நிமிடம்கூட இல்லையாம்.

எலிஃப் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது போன் எடுப்பாள். சமைக்கும்போதும், சிஞ்ஞோராவின் உடுப்புகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த வசனத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். ஒருதரம் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். இப்போது ஒரு பிசகும் இல்லை, அங்கேயே பிறந்தவள் மாதிரி இருக்கிறது என்றாள்.

அதே வசனத்தைத் தமிழில், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, வாய் திறந்து சொல்லப் பார்க்கிறேன். முதல் சொல்லோடு நின்றுவிடுகிறது. எழுதத்தான் முடிகிறது. எழுதுகிறேன், இஞ்சேருங்கோ. உங்களில் ஒரு பிழையும் இல்லை.